புழு ரூமில் தம்பி நடந்த நாள்

எங்கள் வீட்டில் முதல் மரியாதை பட்டுப்புழுவுக்குத்தான். அது தின்ற பிறகுதான் நாங்கள் தின்போம். அது தூங்கினால் நாங்கள் குசுகுசுவென்று பேசுவோம். ராமகுப்பத்துப் பக்கம் மல்பெரி போட்ட எல்லா வீட்டிலும் இதே கதைதான். புழு ரூமுக்குள் வெளியாள் வந்தால் நோய் வரும், கண்ணும் படும். இரண்டில் எது பெரிது என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

என் தம்பிக்கு நாலு வயதாகியும் நடை வரவில்லை. தூக்கி நிறுத்தினால் விரல்களை மட்டும் ஊன்றுவான், குதிகால் அந்தரத்தில் நிற்கும். வியாழக்கிழமைதோறும் குப்பம் டவுனிலிருந்து பஸ்ஸில் ஓர் அக்கா வருவார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வீடு தேடிப் போய்ப் பயிற்சி கொடுப்பது அவர் வேலை. தம்பியின் காலை மடியில் போட்டு நீவியபடி அம்மாவிடம் எப்போதும் ஒன்றையே சொல்வார்.

"குதிகால் தரையில படணும்மா. அது பட்டுச்சினா மிச்சம் தானா வரும்."

பிடித்து நடக்க இருபுறமும் கம்பி வேண்டும் என்றார். எங்களிடம் ஏது கம்பி? பட்டுக்கூடு விற்று முடித்து புழு ரூம் காலியாகக் கிடந்த நேரம் அது. தட்டுகள் அடுக்கும் இரண்டு மூங்கில் ஸ்டாண்டுகளையும், நடுவில் இருந்த இடைவெளியையும் அக்காவே பார்த்தார். தம்பியை அதற்குள் நிறுத்தி, குறுக்கு மூங்கிலை இரண்டு கையாலும் பிடிக்கவைத்து, "மெல்லகா, மெல்லகா" என்று தெலுங்கில் மெதுவாக நடக்கச் சொன்னார். ஒரு மாதத்தில் அவன் காலை இழுத்து இழுத்து நாலைந்து எட்டு வைத்தான். குதிகால் மட்டும் படவே இல்லை.

நைனா, எங்கள் அப்பா, வாசலில் நின்று பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குப் போவார். கூட்டின் விலை விழுந்துபோயிருந்தது. கப்பலில் சீனப் பட்டு வந்து இறங்குகிறது என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். ஊரில் பாதி ஆண்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். அடுத்த புழுவும் கைகொடுக்காவிட்டால் தானும் போகவேண்டியதுதான் என்று நைனா சொல்லியிருந்தார்.

புது முட்டை வந்தது. நோய் அண்டாமலிருக்கத் தரையெல்லாம் சுண்ணாம்புத் தூள் தூவி ரூமைச் சாத்தினார்கள். அதோடு தம்பியின் நடையும் நின்றது. அக்கா மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து அவன் காலை நீவிவிட்டுப் போவார். அவன் சாத்திய கதவைக் கைகாட்டி அழுவான்.

எனக்கு எட்டு வயது. எல்லாம் தெரிந்த வயது. புழு கடைசித் தோல் உரித்து மூட்டை மூட்டையாக இலை தின்கிற நாளில், அம்மாவும் நைனாவும் இலை வெட்டப் போன நேரம் பார்த்துத் தம்பியை உள்ளே தூக்கிப்போனேன். கால் கழுவிவிட்டுத்தான் நுழையவேண்டும்; நான் கழுவவில்லை. அவனை மூங்கிலைப் பிடிக்கவிட்டு, யாராவது வருகிறார்களா என்று கதவருகே நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் அவன் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

சாயந்திரம் இலை போட உள்ளே போன அம்மா, ரூமின் கோடியில் தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு அந்த இடத்தில் ஒரு கூடையைக் கவிழ்த்துவிட்டு வந்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நாலாம் நாள் புழு சாகத் தொடங்கியது. உடம்பு ஊதி, பால் மாதிரி கசிந்து, தட்டு தட்டாகச் செத்தது. நைனா அள்ளிக் குழியில் கொட்டியபடி அக்காவைத் திட்டினார்.

"பத்து வூடு சுத்திகினு வர்றா அவ. அவதான் நோயக் கொண்டாந்தா. இனிமே இந்த வாசப்படிய மிதிக்கக்கூடாது."

அக்கா வராவிட்டால் தம்பிக்கு நடை கிடையாது என்று எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் என் முதுகுத்தோல் உரியும் என்றும் தெரியும். முதுகுத்தோல்தான் ஜெயித்தது. இன்றும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அம்மாதான் வாயைத் திறந்தாள். "அந்தப் பொண்ணு மேல பழி போடாதீங்க. உள்ள வந்து இத்தப் பாருங்க."

நைனா உள்ளே போனார். அம்மா கூடையைத் தூக்கினாள். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் தரையைப் பார்த்தார். பிறகு கொடுவாளோடு வந்து ஒரு ஸ்டாண்டை வெட்ட ஆரம்பித்தார். அடுத்து நான்தான் என்று வைக்கோல்போருக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டேன். மத்தியானம் முழுக்க வெட்டுகிற சத்தம் கேட்டது.

பசி தாங்காமல் வீடு வந்தபோது, நைனா பையோடு பெங்களூர் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "வியாழக்கிழம அந்தப் பொண்ணு வந்தா காப்பி போட்டுக் குடு" என்று அம்மாவிடம் சொன்னார். என் தலையில் ஒருமுறை கைவைத்துவிட்டுப் போனார்.

நான் ரூமுக்குள் போய்ப் பார்த்தேன். கூடை கவிழ்த்திருந்த இடத்தில், சுண்ணாம்பில் விரல் இழுத்த கோடுகள். அவற்றின் முடிவில், சுவர் ஓரம், ஒரு சின்னப் பாதம் குதிகாலோடு முழுசாகப் பதிந்திருந்தது.

நோய் என் காலோடு போனதா, அந்த வருஷத்து வெயில் கொண்டுவந்ததா என்று இன்றுவரை தெரியாது. வாசலில் தம்பியின் கைக்கு எட்டும் உயரத்தில் ஸ்டாண்டின் மூங்கில்கள் இரண்டை நைனா கட்டியிருந்தார். ஸ்டாண்டை வெட்டிய மனுஷன் இனி புழு வளர்க்க ஊர் திரும்பமாட்டான் என்பது அன்று எனக்குப் புரியவில்லை. அடி விழவில்லை என்ற சந்தோஷத்தில், தம்பியைத் தூக்கிவந்து அந்த மூங்கில்களுக்கு நடுவே நிறுத்தினேன்.