ஏசம்மாள் கட்டிய துணி

தவசிமுத்துவின் கையில் துணி சுற்றுவதென்றால் ஏசம்மாள்தான் சுற்ற வேண்டும். வேறு யார் தொட்டாலும் அவர் குத்துச்சண்டை மேடையில் ஏற மாட்டார். ராஜபாளையத்துப் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் பேண்டேஜ் நெய்கிற தறியில் அவள் வேலை பார்த்தாள். அந்தத் துணியைத்தான் புருஷனின் விரலிடுக்கில் கோத்து, மணிக்கட்டில் இறுக்கி முடிவாள்.

"ஏட்டி, மாட்டக் கட்டுத மாதிரியா கட்டுத?" என்பார்.

"மாடுதான முட்டப் போகுது," என்பாள்.

பகலில் மில்லில் பஞ்சுப் பொதி தூக்கி, சாயங்காலம் கழிவுப் பஞ்சு அடைத்த சாக்கைக் குத்திக் குத்தியே பழகிய ஆள் அவர். எழுபத்தெட்டாம் வருஷம் மாநிலக் கோப்பை வாங்கி வந்தார். இந்த வட்டாரத்துக்கே அதுதான் முதல் கோப்பை. பஸ்ஸை விட்டு இறங்கியவரைத் தோளில் தூக்கி வந்தார்கள். கைத்துணியை அவிழ்க்காமலே வந்திருந்தார். "நீ கட்டுனத நீயே அவுத்து விடு," என்று ஏசம்மாளிடம் நீட்டினார்.

எண்பத்து நாலில் ஒரு போட்டியில் தலையில் அடிபட்டு மயங்கி விழுந்தார். "இன்னொரு அடி தலையில விழக் கூடாது. மேடைய மறந்துருங்க," என்றார் ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர். அடுத்த மாதமே மதுரையில் போட்டி வந்தது. "சாம்பியன் பொண்டாட்டி முந்தானைக்குள்ள ஒளிஞ்சிட்டாருடே," என்று செட்டியார்பட்டி ஆள் ஜெயபாண்டி டீக்கடையில் உட்கார்ந்து சொல்லிச் சிரித்தது ஏசம்மாள் காதில் விழுந்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை. போட்டியன்று அவர் கையை நீட்டினார். மாட்டேன் என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்றைக்கும் இல்லாத இறுக்கமாய்க் கட்டி அனுப்பினாள்.

ஜெயித்துத்தான் வந்தார். ஆனால் நாக்குக் குழறியது. அதோடு மேடை முடிந்தது. வருஷம் போகப்போகக் கூட்டாளிகள் பேர் மறந்தது, வீட்டுக்கு வரும் வழி மறந்தது. போன வருஷம் ஏசம்மாளும் அவருக்கு மறந்துபோனாள்.

"இந்தம்மா யாரு? வேளைக்குச் சோறு போடுதாவ, நல்லா இருக்கட்டும்," என்கிறார். சாயங்காலமானால் மட்டும் இரண்டு கையையும் நீட்டுகிறார். "எம் பொண்டாட்டியக் கூப்பிடுங்க, துணி கட்டணும்."

"நாந்தாங்க அது."

நம்புவதில்லை.

கண் மூடுமுன் ஒரு தடவை அவர் வாயால் தன் பேரைக் கேட்டுவிட வேண்டும். அவளுக்கு அது போதும். ஆனால் மதுரைக்குப் பிறகு அந்தத் துணியை அவள் அவருக்காகத் தொட்டதே இல்லை.

"கட்டித்தான் விடேம்மா. நீட்டுன கைய அப்பா மடக்க மாட்டேங்காவ," என்றாள் மகள் கேத்ரின்.

போன ஞாயிற்றுக்கிழமை கட்டினாள். தளர்வாகத்தான். தவசிமுத்து விரலை மடக்கிப் பார்த்தார்.

"இது அவ கட்டு இல்ல. அவ கட்டுனா எலும்பு வரைக்கும் ஏறும்."

ஏசம்மாள் அதை அவிழ்த்து, மறுபடியும் விரலிடுக்கில் கோத்தாள். மதுரைக்குக் கட்டிய அதே இறுக்கம். முடிச்சையும் இழுத்து இறுக்கினாள்.

"வந்துட்டியா ஏசம்மா?" என்றார் அவர். "எம்புட்டு நேரமாத் தேடுதேன். ஏட்டி, மாட்டக் கட்டுத மாதிரியா கட்டுத?"

அவள் அந்தக் கையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"விடு, போட்டிக்கு நேரமாச்சு," என்று எழுந்தார்.

"போக வேண்டாங்க," என்றாள், நாற்பது வருஷம் கழித்து.

"நீ சொன்னா சரி," என்று தவசிமுத்து உட்கார்ந்துகொண்டார்.