கையெழுத்து இல்லாமல் சொல்லாதவள்

கல்நெஞ்சக்காரி என்று இன்னொரு தடவை என் காதில் விழுந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அக்கா மகனை ஓடவிட்டு வேடிக்கை பார்த்தாளாம் என் சின்ன மகள். மாடி வீட்டுக்காரி சொல்ல, எதிர்வீட்டுக்காரி தலையாட்ட, தெருவே தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. பெற்றவள் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். என்னிடம் ஒருத்தியாவது கேட்டாளா?

அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் மாணவர் பதிவுப் பிரிவில் வேலை. யார் எந்த வகுப்பு, என்ன மதிப்பெண், யார் பாதியில் நின்றது, எல்லாம் அந்த அறையில்தான். பதினெட்டு வயது ஆன பிள்ளை கையெழுத்துப் போட்டுச் சம்மதிக்காமல், அதன் விவரத்தைப் பெற்றவர்களுக்கே சொல்லக்கூடாது. எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் இந்த விதி மனப்பாடம். முதலிடம் வாங்கிய பிள்ளையின் அப்பா வந்து ஆசையாகக் கேட்டாலும் அதே பதில்தான் சொல்வாள். தெருவில் அவளுக்குப் ‘பூட்டு’ என்றே பெயர்.

சும்மா வந்த பிடிவாதம் இல்லை அது. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சித்தப்பா என்று சொல்லிக்கொண்டு வந்தவனிடம் பக்கத்து மேஜைக்காரர் ஒரு பெண்ணின் வகுப்பு நேரத்தைச் சொல்லிவிட்டார். வீட்டுக்குப் பயந்து ஒளிந்து படித்த பெண். வாசலிலேயே மடக்கி இழுத்துப் போனார்கள். அப்புறம் அது படிக்க வரவேயில்லை.

என் பெரிய மகளின் பையனும் அங்கேதான் படித்தான். எப்படிப் படிக்கிறான் என்று அக்கா கேட்பாள். அவனையே கேளு, கையெழுத்தில்லாமல் சொல்ல மாட்டேன் என்பாள் தங்கை. இருவரும் சிரிப்பார்கள். அவன் வீட்டுக்குத் தெரியாமல் படிப்பை விட்ட பிறகும் அக்கா அதையே கேட்டாள், இவளும் அதையே சொன்னாள். பெரியவள் வழக்கம்போலச் சிரித்தாள். சின்னவள் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

நீயே அம்மாவிடம் சொல்லிவிடடா என்று அவனைத் தனியே கூப்பிட்டுக் கெஞ்சியிருக்கிறாள். சரி சித்தி என்றவன், ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டான். போனையும் அணைத்துவிட்டான்.

கூடப் படித்தவன் வந்து சொல்லித்தான் எல்லாம் வெளியே வந்தது: படிப்பை விட்டது, சான்றிதழை அனுப்பச் சொல்லி சித்தியின் அலுவலகத்தில் முகவரி கொடுத்துவிட்டுப் போனது. பெரியவள் தங்கையின் காலைப் பிடித்தாள். அதைப் பார்க்க எனக்குக் கண் எதற்கு? சின்னவளும் கூடவே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"அவனுக்கு எழுதியிருக்கேன்க்கா. சரின்னு ஒரு வரி வந்தா, அடுத்த நிமிஷம் சொல்லிடுறேன்."

அந்த வரி வரவில்லை.

சொன்னால் என்ன குறைந்துவிடும் என்கிறார்கள். எந்தப் பிள்ளை எதற்குப் பயந்து ஓடுகிறது என்று நமக்குத் தெரியுமா? அந்தச் சித்தப்பனும் நல்லவன் மாதிரிதான் வந்து நின்றான். ஊரான் பிள்ளைக்கு ஒரு நியாயம், நம் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு நியாயமா?

பெரியவள் சோற்றைத் தொடவில்லை. கடைசியில் சொல்லிவிட்டாள்: "ஒண்ணு அவன் எங்கேன்னு சொல்லு. இல்லேன்னா என் கண்ணு முன்னால நிக்காதே."

மறுநாள் காலையில் சின்னவள் துணிகளைப் பையில் அடுக்கினாள். இருவருக்கும் அம்மா நான், யார் கையைப் பிடிப்பேன்? வாசலில் அக்கா வழிமறித்தாள்.

"உயிரோட இருக்கானா? அதையாவது சொல்லுடி."

சின்னவள் பையை மறு கைக்கு மாற்றினாள். "இருக்கான்க்கா" என்றாள். எப்படித் தெரியும் என்று சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் மீறியது அந்த ஒரு சொல்தான். எங்கே என்று அக்கா வாயெடுப்பதற்குள் படியிறங்கிவிட்டாள்.