ஜாமீன் போட்ட அண்ணன்

ஆட்டோ வாங்க லோன் கேட்டபோது எனக்குக் கடன் வரலாறே இல்லை. எங்கள் தீவின் ஹேடோ துறைமுகத்தில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு செல்வம் அண்ணன்தான் ஜாமீன் போட்டார். கப்பல் வராத மழை மாதங்களில் சவாரி இல்லை; நான்கு தவணை கட்டவில்லை. அவரிடம் சொல்லவும் இல்லை.

அந்த வருடமே, அண்ணியை ஆபரேஷனுக்கு மெயின்லேண்ட் கூட்டிப்போக அண்ணன் பேங்கில் லோன் கேட்டார்.

"உன் பாக்கி என் பேர்லயும் ஏறியிருக்காம் தம்பி. லோன் நஹி, கிடையாதுனு சொல்லிட்டாங்க," என்றார். திட்டவே இல்லை. அவர் பணம் புரட்டுவதற்குள் அண்ணி இறந்துவிட்டார்.

பாக்கியைத் தீர்த்தேன். டெபாசிட் வைத்து ஒரு கிரெடிட் கார்டு வாங்கி, இரண்டு வருடம் நாள் தவறாமல் கட்டினேன். நேற்று பேங்கில், "கிரெடிட் ஸ்கோர் அச்சா ஹை, நல்லா இருக்கு. இனி உங்களுக்கு ஜாமீனே வேணாம்," என்றார்கள்.

அண்ணன் வாசலை மட்டும் இன்றும் இன்ஜினை அணைத்து, ஆட்டோவைத் தள்ளிக்கொண்டேதான் கடக்கிறேன்.