சின்ன நைனாவின் பெயருக்கு நேரே என் கட்டைவிரல்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவன் நான். ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்து, நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் எந்தப் பக்கம் போகும் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. எங்கள் ஊரைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லி மனு எழுத வேண்டும் என்றார்கள். யாரும் கேட்பதற்கு முன்பே பேனாவை எடுத்துவிட்டேன். மூன்று பக்கம், இங்கிலீஷில்! மைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஓடிக் கட்டைவிரல் ரேகை வாங்கினேன். இரண்டு நாள் சாப்பாட்டு நினைவே இல்லை.

கடைசியில் ஒரே ஒரு பெயர் மிச்சம். நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பாவின் தம்பி, எனக்குச் சின்ன நைனா. புரட்டாசி விரதம் முடித்து, மொட்டை போட்டுக்கொள்ளத் திருப்பதி மலைக்கு நடந்து போயிருந்தார். மறுநாள் காலையில் மனு போயாக வேண்டும். அவர் பெயருக்கு நேரே என் இடது கட்டைவிரலை அழுத்தினேன். நம்ம சின்ன நைனாதானே என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை.

சில மாதம் கழித்து ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார். கோயில் எதிரே மேஜை போட்டு, மனுவிலிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். சின்ன நைனா எழுந்து நின்றார். மொட்டைத் தலையில் முடி அப்போதுதான் இரண்டு விரற்கடை வளர்ந்திருந்தது.

"நான் ரேகை வெக்கவே இல்ல சார். அந்த வாரம் பூரா மலை மேல கோயிந்தா போட்டுக்கினு இருந்தேன்."

எல்லாருடைய கண்ணும் என் மேல் திரும்பியது. வாத்தியார் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன். பொய் ரேகை வைத்தவன் என்று பெயர் வந்தால் வேலை ஏது? வாய் முந்திக்கொண்டது. "மலைக்குப் போறதுக்கு முன்னாடியே வெச்சாரு சார்."

"இன்னாடா சொன்னே?" சின்ன நைனாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "அப்போ காணிப்பாக்கம் வா. புள்ளையார் எதிர்ல சொல்லு பாக்கலாம்."

எங்கள் ஜில்லாவில் எந்த வழக்கும் கோர்ட்டுக்குப் போகுமுன் காணிப்பாக்கம் போகும். குளத்தில் மூன்று முழுக்குப் போட்டு, ஈரத்துணியோடு கிணற்றுக்குள் இருக்கும் பிள்ளையார் எதிரே நின்று சத்தியம் செய்ய வேண்டும். பொய்ச் சத்தியம் செய்து கண் போனவன், உழவு மாடு இரண்டையும் ஒரே நாளில் பறிகொடுத்தவன் என்று ஊருக்கு ஒரு கதை உண்டு. எல்லாவற்றையும் நான் நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

அதிகாரி ஒரு வாரம் தவணை கொடுத்தார். அப்போதுதான் நைனா எழுந்தார். "படிச்ச புள்ளைய சத்தியத்துக்கு இழுக்காதே. அவனைப் பெத்தவன் நான். எம் புள்ள பொய் சொல்லமாட்டான்னு நானே சத்தியம் பண்றேன், வா."



மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் சித்தூர் போனோம். அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் நான்.

"உங்க நைனாவுக்கு பஸ்ஸுல வாந்தி வரும்டா. ஜன்னல் பக்கம் வுடு."

"அந்தாளை அவன் வேலையப் பாத்துக்கச் சொல்லு."

சொல்லிவிட்டு நைனா ஜன்னல் பக்கமே நகர்ந்தார்.

சித்தூரிலிருந்து மாட்டு வண்டி. குளத்தங்கரையில் நைனா தலைப்பாகையை அவிழ்த்து என்னிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார். ஒரு முழுக்கு. நான் செய்த வினை என்னைத்தான் பிடிக்கும் என்று அதுவரை நினைத்திருந்தேன். இரண்டாவது முழுக்கு. ஒன்றும் தெரியாத மனிதர் அதைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ளப் போகிறாரே! அவர் மூன்றாவது முறை மூச்சைப் பிடித்தபோது நான் சட்டையோடு குளத்தில் குதித்தேன்.

"நைனா, வேணாம்! நான்தான் வெச்சேன்! அது என் ரேகை!"

நைனாவின் மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் உச்சந்தலையில் கை வைத்துத் தண்ணீருக்குள் அழுத்தினார். "ஒண்ணு." மறுபடி. "ரெண்டு." மறுபடி. "மூணு. போ. சொல்ல வேண்டியவன் நீதான்."

பிள்ளையார் எதிரே நின்று நடந்ததை அப்படியே சொன்னேன். அர்ச்சகருக்கும் புரியட்டும் என்று தெலுங்கிலும் ஒருமுறை சொன்னேன். வெளியே வந்தபோது உடம்பு நடுங்கியது. ஆனால் அப்படி ஒரு சந்தோஷம்! பரீட்சை பாஸானபோதுகூட இல்லாத சந்தோஷம்.

சின்ன நைனா படியில் உட்கார்ந்திருந்தார். "ஏன்டா, ஆள் அனுப்பியிருந்தா மலையெறங்கி ஓடியாந்து நானே வெச்சிருப்பேனேடா. சரி, அதுல இன்னாதான் எழுதியிருக்கே? ஊருல ஒருத்தனுக்காவது படிச்சிக் காட்டினியா?"

இல்லை. ஒருவருக்கும் இல்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

பையிலிருந்த நகலை எடுத்து, ஈரச்சட்டையோடு வரி வரியாகத் தமிழில் சொன்னேன். 'எங்கள் ஊரில் யாருக்கும் தெலுங்கில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது' என்ற இடம் வந்ததும் சின்ன நைனா துள்ளி எழுந்தார்.

"எவன்டா அவன் தெரியாதவன்? உங்க சின்னம்மா என்னைத் திட்டறதே தெலுங்குலதானேடா! நீயே இப்போ புள்ளையார்கிட்ட ரெண்டு பாஷையில சொல்லிட்டு வந்தியே!"

நைனா வேட்டியைப் பிழிந்துகொண்டே சிரித்தார். தம்பியைப் பார்த்து நேராகவே சொன்னார்: "இன்னும் ஒரு முழுக்கு போடணும்டா இவனுக்கு."

போட்டார்கள், இரண்டு பேருமாகச் சேர்ந்து.

அடுத்த வாரம் அதிகாரியிடம் உண்மையைச் சொன்னேன். முறைத்தார், திட்டினார், புது மனு எழுதச் சொன்னார். அந்த வரியை எடுத்துவிட்டு எழுதி, கோயில் எதிரே எல்லாருக்கும் உரக்கப் படித்தேன். திரும்பப் படிக்கச் சொன்னார்கள், படித்தேன். கடைசி ஆளாகச் சின்ன நைனா வந்தார். மைப்பெட்டியை நீட்டினேன்.

"அதைக் கீழ வை. ரெண்டு கையும் பின்னாடி கட்டிக்கினு தூரமா நில்லுடா" என்றார்.

நின்றேன்.