மிலிட்டரிக்காரர் எழுதி வாங்கிவந்த மனு

நாட்டை ஆளுகிறவர்கள் பட்டாளத்தில் இருந்திருக்க வேண்டுமா, வேண்டாமா என்று என்னை யாரும் கேட்கப் போவதில்லை. நான் ஐந்தாவது வரை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கக் கூச்சம். ஆனால் இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் பல வருஷம் ஓயாமல் நடந்தது.

ஆரம்பித்து வைத்தவர் என் வீட்டுக்காரர். எல்லையில் சண்டை நடந்த வருஷம், காலனியில் ஒரே ஒரு வீட்டில்தான் டிவி. அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“டில்லில குந்திக்கினு கீறானுங்களே, ஒருத்தனாவது துப்பாக்கி தூக்கி கீறானா? பிரதம மந்திரி ஆவணும்னா பத்து வருசம் பட்டாளத்துல இருந்துட்டு வரணும்னு சட்டம் போடணும்மே. அப்பதான் ஒழுக்கம் இருக்கும்.”

“பத்து வருசம் களை எடுத்துட்டு வரணும்னு போடக்கூடாதா?” என்றேன்.

“உன் வாயெல்லாம் ஊட்டுக்குள்ளதான்,” என்றார். அது உண்மைதான்.

ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய விஜயபுரம் மண்டலத்தில், மலையடியில் எங்கள் ஊர். எங்கள் ஜனங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. ஊரார் நிலத்தில் கூலி வேலை. மலையடியில் புறம்போக்காகக் கிடந்த மேட்டில் நானும் அவரும் கல் பொறுக்கி, முள் வெட்டி, இரண்டு ஏக்கர் ஆக்கி வேர்க்கடலை போட்டோம். அதுபோலப் பதினேழு குடும்பங்கள். பட்டா இல்லை. கவர்மெண்ட் நினைத்தால் எங்களை எழுப்பி விடலாம். யாரும் எழுப்பவில்லை, அந்தக் கல்லு மேடு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

பிறகு தடாப் பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்தன. காலையில் வேன் வந்து ஊர்ப் பெண்பிள்ளைகளை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போனது. வெள்ளைக் கார்கள் எங்கள் மலையடி வரைக்கும் வந்து நின்றன. இறங்கியவர்கள் கடலைச் செடியைப் பார்க்கவில்லை. ரோட்டிலிருந்து மேடு எவ்வளவு தூரம் என்று பார்த்தார்கள். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மிலிட்டரிக்காரர் பென்ஷனோடு ஊருக்குத் திரும்பினார். எங்கள் காலனியிலிருந்து பதினெட்டு வயதில் போனவர். வந்ததும் ரேஷன் கடையில் எங்களை வரிசையில் நிற்க வைத்தார். குழாயடியில் குடங்களை வரிசையில் வைக்கச் சொன்னார். குழாயடிச் சண்டை நின்றுபோனது நிஜம். என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

“பாத்தியா? ஒரு கொழாய்க்கே இப்டின்னா, நாட்டக் குடுத்தா எப்டி இருக்கும்?”

எனக்கு ஒன்று உறுத்தியது. வரிசை வைத்தவர், எந்தக் குடம் முதலில் என்பதையும் தானே சொன்னார். ஏன் என்று கேட்டால், “ஆர்டர்னா ஆர்டர்,” என்று நகர்ந்து விடுவார்.

ஒருநாள் விடியலில் களை எடுக்கப் போனேன். மிலிட்டரிக்காரர் எங்கள் வரப்போரம் ஒரே அளவாகக் கால் எடுத்து வைத்து, உதடு அசைய எண்ணிக்கொண்டு நடந்தார். என்னைப் பார்த்ததும் கையை வீசி, தேகப்பயிற்சி செய்கிறவர் மாதிரி வேகமாகப் போய்விட்டார். பட்டாளத்தில் இருந்து வந்தவர்களுக்குக் கவர்மெண்ட் நிலத்தில் தனிப் பங்கு உண்டு என்று எனக்குத் தெரியும். என் தாய்வீட்டு ஊரில் ஒருவர் அப்படி வாங்கியிருந்தார்.

வீட்டில் சொன்னேன். “திருப்பதி லட்டு குடுத்தாலும் மோந்து பாத்துட்டுத்தான் துன்னுவ நீ,” என்றார் வீட்டுக்காரர்.

அந்த வருஷமே புறம்போக்குக்குப் பட்டா கொடுக்கப் போகிறார்கள், அதுவும் பெண்கள் பேரில் என்று செய்தி வந்தது. எங்களுக்கு டவுன் என்றால் திருப்பதி. துணி எடுக்க, ஆஸ்பத்திரிக்கு, மொட்டை போட எல்லாம் அங்கேதான். சித்தூர் என்றால் கோர்ட்டுக் கச்சேரி, கலெக்டர் ஆபீஸ். அங்கே போகப் பயப்படுவோம். மிலிட்டரிக்காரர் பயப்படவில்லை. மூன்று முறை சித்தூருக்கு பஸ் ஏறினார், யாரிடமும் பஸ் சார்ஜ்கூடக் கேட்கவில்லை. அதையும் நான் எழுதத்தான் வேண்டும்.

மூன்றாம் முறை மனுவோடு வந்தார். மனு தெலுங்கில் இருந்தது. தெலுங்கு பேச எங்கள் எல்லோருக்கும் வரும், சந்தையில் தெலுங்கில்தான் சண்டை போடுவோம். ஆனால் பள்ளிக்கூடம் தமிழ் என்பதால் படிக்க வராது. ஆபீசிலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும், காட்டின இடத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவது எங்கள் வழக்கம். ரேஷன் கார்டுக்கும் அப்படித்தான் போட்டோம், காலனி வீட்டுக்கும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் பதினேழு பெண்களும் வரிசையில் நின்றோம். நான் பதினொன்றாவது.

“இங்க போடு, தங்கச்சி.”

“இன்னா எழுதிகீதுண்ணா?” குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன்.

“பட்டா கேட்டு எழுதிகீது. போடு.”

“படிச்சுக் காட்டுண்ணா.”

“பத்து பேரு போட்டாங்க. எவளாவது கேட்டாளா?”

பின்னால் ஒருத்தி, “எங்க ஊட்டு அடுப்புல சோறு கீது. மகாராணி வெயில்ல நிக்க வெச்சிட்டா,” என்றாள். வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

“மானத்த வாங்காதமே. மச்சான் பட்டாளத்துல இருந்தவரு. போடு.”

காது இரண்டும் எரிந்தது. ஓடிப் போய்விடலாமா என்றிருந்தது. ஆனால் அந்த இரண்டு ஏக்கரை விட்டால் மறுபடி ஊரார் வரப்பில்தான் போய் நிற்க வேண்டும். பேனாவைக் கீழே வைத்தேன்.

“படிக்காம போட மாட்டேன்.”

“பட்டாளத்துல ஒரு வாட்டி சொன்னா செய்யணும். ஏன், எதுக்குன்னு கேக்கக்கூடாது,” என்றார் மிலிட்டரிக்காரர்.

“இது பட்டாளம் இல்லியேண்ணா.”

யாரோ சிரித்தார்கள். அவர் மனுவை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். படிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கண் ஒரே இடத்தில் நின்றது. ஐந்தாவது படித்தவளுக்கும் தெரியும், படிக்கிறவர் கண் நகரும். கடைசியில் தாழ்வாகச் சொன்னார்.

“எனக்கு இந்தி வரும். தமிழ் வரும். இது வராது.”

“அட சாமி! அப்ப இத்தினி நாளா இன்னாத்தப் புடிச்சிக்கினு சுத்தின?” என்றாள் சோற்றுக்காரி.

எனக்குப் பின்னால் நின்றவள் பக்கத்து வீட்டு மருமகள், இடுப்பில் குழந்தையோடு. காளஹஸ்திப் பக்கத்துப் பெண், தெலுங்கில் பத்தாவது படித்தவள். தமிழ் அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தாள். அவள் காகிதத்தை வாங்கிப் படித்தாள். முகம் மாறியது.

“அத்தா, இதுல நீங்க பட்டா கேக்கலே. அண்ணா கேக்கறாரு. மாஜி சைனிகுலு கோட்டா. அஞ்சு எகரா. கீழே சைன் போட்ட ஆடவாளுக்கு அப்யந்தரம் லேது.”

அதாவது, பட்டாளத்து ஆள் என்ற பங்கில் அவருக்கு ஐந்து ஏக்கர், அப்படிக் கொடுப்பதில் கீழே கையெழுத்துப் போட்ட பெண்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று நாங்களே எழுதிக்கொடுப்பது. சர்வே நம்பரைப் படிக்கச் சொன்னேன். முதல் நம்பர் எங்கள் இரண்டு ஏக்கர்.

வரிசை கலைந்தது. முதலில் கையெழுத்துப் போட்ட பத்துப் பேரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“சாமி சத்தியமா எனக்குத் தெரியாது,” என்றார் அவர். “கச்சேரி வாசல்ல மனு எழுதறவன் நீ யாருன்னு கேட்டான். டிஸ்சார்ஜ் புக்கக் காட்டினேன். உங்க பேரு, நம்பரு எல்லாம் குடுத்தேன். அவன் எழுதினத வாங்கியாந்தேன்.” சொல்லிக்கொண்டே மனுவை நாலாகக் கிழித்துப் போட்டார்.

“பாரு, கிழிச்சே போட்டாரு. நல்ல மனுசன்,” என்றார் வீட்டுக்காரர். எனக்கு வேறு தோன்றியது. கிழிக்காமல் இருந்திருந்தால் மிச்ச நம்பர்களும் யாருடையவை என்று பார்த்திருக்கலாம்.

அந்த மருமகளே புது மனு எழுதினாள். அதைச் சித்தூருக்கு எடுத்துப் போனவரும் மிலிட்டரிக்காரர்தான். அடுத்த வருஷம் பதினேழு பேருக்கும் பட்டா வந்தது, என் போட்டோ ஒட்டி, என் பேரில். அவருக்கும் மலைக்கு அந்தப் பக்கம் நிலம் கிடைத்தது.

அவருக்குத் தெரியுமா, தெரியாதா? மனு எழுதினவன் வழக்கமாக எழுதுவதை எழுதிவிட்டான் என்பார் வீட்டுக்காரர். இருக்கலாம். அப்படியென்றால் பதினேழு நம்பரில் ரோட்டுக்குக் கிட்ட இருக்கிற எங்கள் நம்பர் எப்படி முதலில் போய் உட்கார்ந்தது? இதைக் கேட்டால் இன்றைக்கும் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விடுவார்.

பட்டாளத்துக்காரரெல்லாம் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. குண்டு வருகிற இடத்தில் ஏன் என்று கேட்டுக்கொண்டு நிற்க முடியாது, வாஸ்தவம். ஆனால் இருபது வருஷம் கேட்காமலே இருந்தவருக்கு, ஒரு பொம்பளை கேட்டால் அது எதிர்ப்பாகத் தெரிகிறது. குண்டுக்குப் பயப்படாத அந்த மனுஷன், தெலுங்கு வராது என்று சொல்ல எவ்வளவு பயந்தார்! டில்லியில் இருக்கிறவர்களுக்கு என்னென்ன வராதோ, யார் கண்டது?

மிலிட்டரிக்காரர் சர்பஞ்சுக்கு, அதாவது பஞ்சாயத்துத் தலைவருக்கு நின்றார். நானும் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டேன். எதிரே நின்றவர் படித்தும் காட்ட மாட்டார், தெரியாது என்று ஒத்துக்கொள்ளவும் மாட்டார்.

ஜெயித்த பிறகு முதல் கிராம சபை. தீர்மானப் புத்தகத்தை நீட்டி, “எல்லாரும் சைன் போடுங்க,” என்றார். யாரும் நகரவில்லை. பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த மருமகள்தான் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினாள். அவள் முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிக்கப் படிக்க, சர்பஞ்சு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கை மட்டும் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.