யாழினியின் இரண்டு கோடுகள்

இந்த நகரத்தில் யாரும் ஒரு குழந்தையைப் பார்த்துக் குண்டு, ஒல்லி என்று சொல்வதில்லை. புள்ளி வைக்கிறார்கள். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் எங்கள் குழந்தை மருத்துவர், ஒன்பது வயதான என் மகள் யாழினியோடு கைகுலுக்கிவிட்டு, எடையும் உயரமும் அளந்து, வளைகோடுகள் அச்சிட்ட தாளில் ஒரு புள்ளி வைத்துத் தருவார். அது எப்போதும் எச்சரிக்கைக் கோட்டுக்குக் கீழேயே இருந்தது. எனக்கு அது பெரிய நிம்மதி. என் அப்பாவுக்கும் சர்க்கரை, எனக்கும் முப்பது வயதிலேயே வந்துவிட்டது.

அந்த நிம்மதியை உறுதிசெய்துகொள்ளத் தபாலில் ஒரு மரபணுப் பரிசோதனைப் பெட்டி வாங்கி, அவள் எச்சிலை அனுப்பினேன். உடல் பருமனுக்கு இட்டுச்செல்லும் மரபணு மாற்றங்கள் அவளிடம் குறைவு என்று முடிவு வந்தது. மருத்துவரிடம் பெருமையாக நீட்டினேன். படித்துவிட்டு, "இது இங்குள்ளவர்களை வைத்துக் கணக்கிட்டது. உங்களுக்குப் பொருந்தாது" என்றார். வாடகைக்கு வீடு தேடி அலைந்தபோதும் வீட்டுக்காரர்கள் இதே தொனியில் இதையே சொல்லியிருக்கிறார்கள். முகம் சுண்டிப்போய்த் தாளை மடித்துக்கொண்டேன். திரும்பும் வழியில் யாழினிக்கு உப்புத் தூவிய பிரெட்செல் ரொட்டி இரண்டு வாங்கிக் கொடுத்தேன், வீம்புக்குத்தான்.

டிசம்பர் விடுமுறைக்குச் சென்னைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரான படப்பைக்குப் போனோம். அக்கா வாசலிலேயே அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். "இன்னாடா, கை காலெல்லாம் குச்சியா கீது? புள்ளைக்குச் சோறு போடறியா இல்லியா?" பத்து நாளும் ஊட்டித் தள்ளினாள். நடுவில் காய்ச்சல் வந்ததால் தண்டலத்துக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவரிடம் காட்டினோம். அவர் காய்ச்சலை விட்டுவிட்டு அவள் பின்கழுத்தைப் பார்த்தார். அழுக்கு என்று நானும் என் மனைவியும் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டிய கருமை அது. இடுப்பை நாடாவால் அளந்தார், இரத்தம் எடுக்கச் சொன்னார்.

மறுநாள் முடிவைப் பார்த்துக்கொண்டே, "எடைய மட்டும் பாத்து ஏமாந்துடாதீங்க சார். நம்ம பசங்களுக்குக் கை கால் ஒல்லியா இருக்கும், கொழுப்பு வயித்துல சேரும். அந்த ஊர் சார்ட் இவளுக்கு ஆகாது. சர்க்கரை இன்னும் வரல, ஆனா கிட்ட வந்துடுச்சு. கழுத்துல இருக்கறது அழுக்கு இல்ல, அதோட அறிகுறி" என்றார்.

ஜெர்மனிக்கு வருமுன் ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் நான் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். ஒருமுறை பழைய மாடலுக்கான அளவுகருவியை, கேஜை, வைத்துப் புது மாடலின் பாகங்களைச் சோதித்து, ஒரு ஷிஃப்ட் முழுக்கத் தவறானவற்றையெல்லாம் தேறியவற்றுக்கான பச்சைப் பெட்டியில் போட்டுவிட்டேன். சூப்பர்வைசர் கத்தவில்லை. "கேஜ் கரெக்ட்தான்யா. பார்ட்டு வேற. இன்னா பாத்துகினு இருந்த?" என்றார். ஜெர்மன் மருத்துவரும் அந்த மரபணு முடிவைப் பார்த்து அதைத்தான் சொன்னார். நான் அதை அவமானமாக எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

தண்டலத்து மருத்துவர் நம் பிள்ளைகளுக்கான தாள் ஒன்றில் புள்ளி வைத்துக் கொடுத்தார். இரண்டு தாள்களும் இப்போது எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இருக்கின்றன. நேற்று யாழினி அவற்றை எடுத்து, ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டு புள்ளிகளும் ஒன்றாகும்வரை நகர்த்தினாள். புள்ளி பொருந்தியது. எச்சரிக்கைக் கோடு ஸ்டுட்கார்ட் தாளில் அதற்கு மேலே போனது, தண்டலத்துத் தாளில் கீழே.

"இதுல எதுப்பா என் கோடு?"

"கீழ இருக்கறது."

"நான் இந்த ஊர்லதானே பொறந்தேன்?" என்றாள், தாளிலிருந்து விரலை எடுக்காமல்.