ஸ்பீக்கர் மங்கிப்போன வருஷம்

திருச்சியிலிருந்து அரியலூர் வரும் பாசஞ்சர் ரயிலில் அந்த இரண்டு பெட்டிகளும் சீட்டில் உட்கார்ந்து வந்தன; என் அக்கா நின்றுகொண்டு வந்தாள். அவளுக்குக் கல்யாணமான முதல் வருஷம் அது. தேக்கு மரத்தில் செய்த, முன்பக்கம் பழுப்புத் துணி இழுத்துக் கட்டிய, இடுப்புயர ஸ்பீக்கர் பெட்டிகள். ஆட்டத்தில் அடிபட்டுவிடக் கூடாது என்று வீட்டிலிருந்து கொண்டுபோன போர்வைகளை அவற்றின் மேல் சுற்றி, ஜன்னலோரமாக உட்காரவைத்து, எதிரில் நின்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாராம் மாமா. லால்குடியில் ஏறிய ஒரு அம்மாள், "என்னங்க, காய்ச்சல்காரங்களா? இப்படிப் போத்தியிருக்கீங்க" என்று கேட்டதை அக்கா ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். கோபமாகத்தான் ஆரம்பிப்பாள். முடிக்கும்போது சிரித்துக்கொண்டிருப்பாள்.

மாமா என்று நான் சொல்வது அக்காவின் கணவரை. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்டு ஆலையில், அரவை மில்லில் வேலை. வீடு அளவுக்கு ஒரு இரும்பு உருளை; அதற்குள் குண்டுகள் உருண்டு உருண்டு கல்லை மாவாக்கும். அந்த மில்லுக்குப் பக்கத்தில் நின்றால் நாம் பேசுவது நமக்கே கேட்காது. அங்கே வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் வீட்டிலும் சத்தமாகத்தான் பேசுவார்கள் என்பதால், மாமா சத்தம் போட்டுப் பேசியது எங்கள் யாருக்கும் வித்தியாசமாகத் தெரிந்ததில்லை.

நான் அப்போது பெரம்பலூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் குன்னம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்து அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். இரண்டு அறையும் ஒரு அடுப்படியும் கொண்ட சின்ன ஓட்டு வீடு. முன்னறையில் பாதியை ஸ்பீக்கர்களே அடைத்துக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் எதிரே, சரியாக நடுவில், ஒரு பிரம்பு நாற்காலி. அது மாமாவின் இடம். ஷிப்டு முடிந்து வந்து, தலையிலிருந்து சிமெண்டுத் தூசி போகக் குளித்துவிட்டு, ரெக்கார்டைத் துடைத்து ஊசியை வைத்துவிட்டு அதில் உட்காருவார். நாயனம், புல்லாங்குழல் இரண்டும்தான். சினிமாப் பாட்டு வேண்டுமென்றால் டீக்கடை ரேடியோவில் கேட்டுக்கொள்ளலாம் என்பார்.

குன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், அடுத்தவர் காட்டில் வெங்காயத்துக்குக் களை வெட்டிப் பிழைத்த குடும்பம் அவருடையது. மாதச் சம்பளம் என்று ஒன்றை அந்தக் குடும்பத்தில் முதலில் வாங்கியவர் அவர்தான். இந்த வீட்டுக்கு எதற்கு இவ்வளவு பெரிய பெட்டி என்று சொந்தக்காரர்கள் கேட்காத நாளில்லை. காரணத்தை ஒரே ஒரு முறை, வேறு யாரும் இல்லாதபோது என்னிடம் சொன்னார்: "டீச்சரு, சின்ன வயசுல ஊர்த் திருவிழாவுல நாங்க நிக்கிறதுக்குன்னு ஒரு இடம் உண்டு. கோயிலுக்கு அந்தாண்ட, ரொம்பத் தள்ளி. அங்க தவில் மட்டுந்தான் வரும். நாயனம், காத்து இந்தப் பக்கமா அடிச்சாத்தான் வரும். நாயனத்த முழுசா ஒரு தடவ கேக்கணும்னு அப்பவே நெனச்சேன்." டைப் சொல்லிக்கொடுப்பதால் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்குப் பிறகு அந்தப் பிரம்பு நாற்காலியை நான் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன்.

பத்து வருஷம் போல அந்த ஸ்பீக்கர்கள் ஒழுங்காகப் பாடின. எண்பதுகளின் தொடக்கத்தில்தான் மாமா குறை சொல்லத் தொடங்கினார். சத்தம் மங்கிவிட்டது என்றார். குழலில் பழைய பளபளப்பு இல்லை, ஜால்ரா செத்துப்போச்சு என்றார். ஆலைத் தூசி உள்ளே போய் அடைத்துக்கொண்டிருக்கும் என்று முன்பக்கத் துணியைக் கழற்றி, பெயிண்டு பிரஷ்ஷால் மெல்லத் தட்டித் துடைத்தார். கடைத்தெரு ரேடியோ மெக்கானிக் வந்து பார்த்து, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னதும், அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அனுப்பிவிட்டார். ஊசியை மாற்றினார். ஒயரை மாற்றினார். வால்யூமைக் கூட்டிக் கூட்டி வைத்ததில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்கும்படி ஆயிற்று.

அக்கா ஒரு நாள் சோறு பரிமாறிக்கொண்டே, "எனக்கென்னமோ எப்பவும் போலத்தாங்க கேக்குது" என்றாள்.

"அடுப்படியில நின்னு கேக்கறவளுக்கு என்ன தெரியும்?" என்றார் மாமா.

அக்கா குழம்புக் கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பத்து வருஷமாக அவள் அந்த இசை முழுவதையும் அடுப்படியில் நின்றுதான் கேட்டிருந்தாள். அந்த நாற்காலியில் உட்கார் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை.

கடைசியில் ஸ்பீக்கரை மாற்றிவிடுவது என்று மாமா முடிவெடுத்தார். அவ்வளவு சுலபமாக எடுத்த முடிவில்லை. பல ராத்திரி தூங்காமல் புரண்டுகொண்டிருந்தார் என்று அக்கா சொன்னாள். திருச்சியில் தெரிந்த கடைக்காரர் ஒருவர், புது ஜோடி ஒன்றைக் கொடுத்து, "வச்சுக் கேட்டுப் பாருங்க. புடிச்சா வச்சுக்கங்க, இல்லன்னா திருப்பிக் கொண்டாந்துடுங்க" என்று சொல்லி அனுப்பினார். அந்த ஞாயிறு நானும் அங்கே இருந்தேன். கறுப்பு நிறத்தில், பளபளவென்று, பழையதில் பாதி உயரம். பழையவற்றைச் சுவரோரம் தள்ளிவிட்டு மாமா ஒயரை மாட்டினார். எங்களுக்கெல்லாம் மனப்பாடமாகிவிட்ட நாயன ரெக்கார்டை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

முதல் பாட்டு பாதி போவதற்குள் கண்ணைத் திறந்துவிட்டார். "இதுவும் அப்படித்தான் இருக்கு" என்றார். குரலில் கோபம் இல்லை. எழுந்துபோய்ப் புது ஸ்பீக்கரின் முன்னால் குந்தி, வலது காதை அதன் மேல் வைத்தார். பிறகு இடது காதை. அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். "ரெக்கார்டு தேஞ்சுபோச்சு போல" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். நானும் அதை நம்பினேன்.

அதற்கடுத்த வாரம் கல்லங்குறிச்சியில் தேர். அக்காவும் மாமாவும் நானும் போயிருந்தோம். வெயிலுக்கு முன்பே கிளம்பியதால் நல்ல இடம் கிடைத்தது. நாயனக் கோஷ்டி எங்களுக்கு மிகப் பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்று வாசித்தது. இரண்டு நாயனம், இரண்டு தவில், ஓரமாக ஒரு வயசான தாளக்காரர். அவர் கையிலிருந்த ஜால்ரா என் காதைக் கிழித்தது. நான் முந்தானையால் ஒரு காதைப் பொத்திக்கொண்டிருந்தேன். மாமா அந்தத் தாளக்காரரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்கா பக்கம் குனிந்து, சிரித்துக்கொண்டே சொன்னார்:

"அந்தாளப் பாரேன். ஜால்ராவ மோத விடாம சும்மா கையை மட்டும் ஆட்டிக்கிட்டிருக்கான். வயசாயிடுச்சுல்ல, பாவம்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். எங்கள் முகத்தில் மாமா என்ன கண்டாரோ, அவர் சிரிப்பு நின்றது. மறுபடி தாளக்காரரைப் பார்த்தார். இரண்டு வெண்கலத் தட்டும் சேர்ந்தும் பிரிந்தும் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. ஒருமுறை, இன்னொருமுறை. "அடிக்கிறானா?" என்று கேட்டார். அக்கா ஆமாம் என்று தலையை அசைத்தாள். தேர் நிலைக்கு வரும்வரை அவர் அங்கேயே நின்றார். அக்கா அவருடைய சட்டை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திருச்சியில் காது டாக்டரிடம் அவர்கள் இருவரும்தான் போனார்கள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, மெல்லிய ஓசைகளை ஒவ்வொன்றாக அனுப்பி, கேட்டால் விரலைத் தூக்குங்கள் என்றார்களாம். வெளியே நின்ற அக்கா, அவர் விரலைத் தூக்குவார் என்று காத்துக் காத்துப் பார்த்திருக்கிறாள். மெல்லிய, உச்சத்தில் இருக்கும் ஓசைகள் எல்லாம் போய்விட்டன, மில் சத்தத்தில் வருஷக்கணக்காக நின்றதில் வந்தது, போனது திரும்பாது, இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான் போனபோது மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரெக்கார்டு எதுவும் ஓடவில்லை. பழையதும் புதியதுமாக நான்கு பெட்டிகள் அவரைச் சுற்றி நின்றன. "என்ன டீச்சரு, பாத்தியா" என்றார். "எங்கேருந்து கெளம்புனேனோ அங்கயே திரும்பப் போயி நின்னுட்டேன். தவில் மட்டும் வருது." அதைச் சொல்லும்போது அவர் அழவில்லை.

அக்கா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அந்தக் கடைக்காரருக்கு என்னங்க பதில் சொல்றது? அவரு ஆள் அனுப்பிக் கேட்டுட்டாரு" என்றாள்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துடு" என்றார் மாமா. பிறகு எழுந்து நாற்காலியை விட்டு நகர்ந்து நின்றார். "நீ உக்காரு. ரெண்டையும் கேட்டுட்டு நீ சொல்லு."

அக்கா மாட்டேன் என்றாள். எனக்கு என்ன தெரியும் என்றாள். அவர் முன்பு சொன்ன அதே சொல்லை அவளே சொன்னபோது மாமாவின் முகம் சுருங்கிப்போனது. "உனக்குத் தெரியும். உக்காரு" என்றார். அக்கா நாற்காலியின் நுனியில், யாரோ எழுப்பிவிடுவார்கள் என்பதுபோல உட்கார்ந்தாள். மாமா குழல் ரெக்கார்டை வைத்தார். முதலில் புதியதில், பிறகு ஒயரை மாற்றிப் பழையதில். இரண்டு முறையும் அவர் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

அக்கா வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "புதுசுல எல்லாம் பளிச்சுன்னு இருக்குங்க. ஆனா காதுல வந்து குத்துது. பழசுல அவரு ஊதுறதுக்கு முன்னால மூச்சு எடுக்கறது கூடக் கேக்குது. ஆளு இங்கயே உக்காந்திருக்கிற மாதிரி."

"மூச்சா? எங்க எடுக்கறாரு?"

"இன்னொரு தடவ வைங்க, சொல்றேன்."

மாமா மறுபடி வைத்தார். குழல்காரர் மூச்செடுத்த ஒவ்வொரு இடத்திலும் அக்கா கையை லேசாக உயர்த்தினாள். மாமா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதியில் அவரும் தன் நெஞ்சில் மூச்சை இழுக்க ஆரம்பித்தார். அக்கா கை உயரும்போதெல்லாம் அவரும் இழுத்தார். ரெக்கார்டின் அந்தப் பக்கம் முடிந்து ஊசி நடுவுக்குப் போனபிறகு, "சரி. பழசே இருக்கட்டும்" என்றார். புது ஜோடி அந்த வாரமே திருச்சிக்குத் திரும்பிப்போனது.

மில்லை விடுவதுதான் அதைவிடப் பெரிய காரியமாக இருந்தது. அங்கே அவருக்குக் கீழே ஆட்கள் இருந்தார்கள், மரியாதை இருந்தது. காது போச்சு என்று சொல்லிக்கொண்டு ஆபீசில் போய் நிற்பதற்கு அவருக்குக் கூசியது. அக்கா விடவில்லை. "இருக்கிற தவிலையும் அந்த மில்லுக்குக் குடுத்துட்டு வரப்போறீங்களா?" என்று கேட்டாளாம். சில மாதம் அலைந்தபிறகு லாரிகளை நிறுத்தி எடைபோடும் இடத்தில் வேலை கிடைத்தது. அங்கே சம்பளமும் குறைவு, அதிகாரமும் இல்லை. ஆனாலும் பழைய மில் ஆட்கள் யாராவது அந்தப் பக்கம் வந்தால், காதில் பஞ்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேசுவார். சிலர் அதைக் கேலி செய்தார்கள். சிலர் பஞ்சு வைக்க ஆரம்பித்தார்கள்.

இப்போது என் பேரப்பிள்ளைகள் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு உருண்டையை மேஜைமேல் வைத்து, வேண்டியதை எல்லாம் அதில் கேட்கிறார்கள். பிடிக்கவில்லை என்றால் மறு வருஷம் வேறொன்று வருகிறது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. சத்தமும் நன்றாகத்தான் இருக்கிறது. மாமாவும் அக்காவும் இன்று இல்லை. அவர்களைப் பற்றி யாராவது கேட்டால், எண்பதுகளின் கடைசியில் ஒரு மார்கழி மத்தியானத்தைத்தான் நான் சொல்வேன்.

அன்று நான் போனபோது கதவு திறந்திருந்தது. உள்ளே நாயனம் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அறையில் அப்போது இரண்டு நாற்காலிகள்; ஒன்றில் அக்கா. மாமா கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் அவருக்குத் தவிலும் பாதிதான் கேட்டது. மீதியை மனசிலிருந்து எடுத்துக்கொண்டார். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கரண்டு போய்விட்டது. ரெக்கார்டு முனகிக்கொண்டே தேய்ந்து நின்றது. மாமாவின் கை நிற்கவில்லை. நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா உதட்டில் விரலை வைத்து என்னை அடக்கினாள். சத்தமே இல்லாத அந்த அறையில் அவர் கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் வேகம் எடுத்தது, ஓரிடத்தில் நிதானித்தது, கடைசியில் தீர்மானமாக ஒரு தட்டுத் தட்டி நின்றது. கண்ணைத் திறந்தவர் முதலில் என்னைப் பார்த்தார். அப்புறம், அணைந்துகிடந்த ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கைப் பார்த்தார்.

"கரண்டு எப்பப் போச்சு?"

"அப்பவே போயிடுச்சுங்க" என்றாள் அக்கா.

"சொல்லக் கூடாதா?"

"எப்படிங்க சொல்றது? நீங்க பாட்டு நடுவுல இருந்தீங்க."